பின்பக்கத்தில் இருந்த பெயர்கள்

என் யோகம்,

நம் நாட்டில் சனம் பெற்றோலுக்கும் காஸுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்று, கடைசியில் ஜனாதிபதியே நாட்டை விட்டு ஓடிய வருடம் அது. அதற்கு முந்திய வருடம்தான் நம் சிநேகிதி சொலாஞ்சின் நாட்டில், ஹெயிட்டியில், ஜனாதிபதியை வீடு புகுந்து சுட்டிருந்தார்கள். இங்கே சுவிஸில், லோசானில் நாங்கள் பஸ்ஸில் முகமூடியைக் கழற்றிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தக் கோடையில் பூங்காக்களில் புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. "உங்கட ஆள் உயிரோட ஓடிட்டான். உங்கட நாடு பரவாயில்லை" என்று சொலாஞ் சொன்னாள். நீ வாயிலிருந்த தேத்தண்ணியைத் துப்பிவிட்டுச் சிரித்தாய். நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

உன் ஆண்டுத் திவசத்துக்குப் பத்திரிகையில் படம் போட்டு, கீழே ஒரு பாட்டுப் போடுவதுதான் வழக்கம். பாட்டு எழுதிக் கொடுக்கிற ஆளோடு நம் மகள் மாலதி கதைத்தும் விட்டாள். நான் வேண்டாம் என்றேன். நான் சொல்லச் சொல்ல நீ எழுது பிள்ளை என்று அவளை இருத்தி வைத்திருக்கிறேன். என் பேச்சை அவள் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவாள். பொருளை மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

உன் முப்பத்தோராம் நாளுக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில், நீ பொறுமைசாலி, யாருக்கும் தீங்கு நினையாதவள் என்றெல்லாம் போட்டிருந்ததாம். அந்தப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னாள்: "நல்ல மனிசிதான். ஆனா அந்த ஹெயிட்டிப் பொம்பிளையளின்ர சாமானில கை வைச்சுக் கெடுத்தது இவதானே." நான் இரண்டு பேருக்குப் பின்னால் தட்டோடு நின்றேன். அந்தச் சாப்பாட்டையும் சாப்பிட்டேன்.

அதனால்தான் இதை ஊர் வாசிக்கப் போடச் சொல்கிறேன். அந்தச் சாமானில் கை வைத்தது நீ இல்லை. நான்.

மாலதி பேனாவை வைத்துவிட்டாள். "அப்பா, அம்மாவை நான் எவ்வளவு பேசினனான்" என்கிறாள். தெரியும். நீ அம்மாவை ஏசும்போது நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன் என்று அவளுக்குச் சொன்னேன். எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து இருக்கிறாள். இனி முழுவதையும் சொல்லுகிறேன்.

எனக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்து, வேலையும் நின்று, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்த காலத்தில், வியாழக்கிழமைகளில் சேர்ச்சின் கீழ் அறைக்கு நீதான் என்னைக் கூட்டிப்போனாய். சொலாஞ் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எங்களோடு இஸ்திரிப்பெட்டி பிடித்துத் துணிக்கு அழுத்தி போட்டவள். ஹெயிட்டியில் அவளுடைய அக்கா இவ்ரோஸ் ஒரு அறையில் பெண்களைச் சேர்த்துத் தையல் வேலை நடத்திக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவர்கள், இருந்தும் இல்லாதவர்கள். பைகளும் பூவேலைத் துணிகளும் பெட்டியில் வரும். எங்கள் பழைய மேற்பார்வையாளர் மதாம் டெனீஸ் அவற்றைச் சந்தையில் விற்பா. இடையில் யாரும் தின்னாமல், உழைத்தவளுக்கே பலன் போய்ச் சேருகிற வியாபாரம் என்பா. ஊசி, நூல், கத்தரிக்கோல் எல்லாம் நாங்கள் அனுப்புவோம். பழைய தையல் மெசின் இரண்டை நான் திருத்தி, அவை கப்பலேறிப் போயின. அந்த மேசையில் நான்கு பேர். நீ கிழிசல் தைத்துப் பொதி செய்வாய். நான் அழுத்தி போட்டு, நூல் நுனி வெட்டி, குறை பார்ப்பேன். டெனீஸ் கடிதம் எழுதுவா. ஊசி பிடிக்கத் தெரியாத சொலாஞ் தொலைபேசியில் அக்காவோடு சத்தம் போடுவாள். உன்னை அவள் 'மா சேர்' என்றுதான் கூப்பிடுவாள். என் சகோதரி என்று பொருள். நான் அவர்களுக்கு 'முசியே சாமி', சாமி ஐயா.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்கும் மாலதிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். சலவைக்கூடத்தில் இத்தனை வருடம் துணியின் நிறத்தை வைத்தே எந்த வார்டு என்று பிரித்தேன். கையெழுத்தை நீ பழக்கினாய், படம் கீறுவதுபோல. யாராவது கடதாசியை நீட்டினால் "கண்ணாடி வீட்டில்" என்று பிரெஞ்சில் சொல்லுவேன். நான் பிழையில்லாமல் பேசுகிற ஒரே பிரெஞ்சு அதுதான் என்று நீ பகிடி பண்ணுவாய்.

அந்தக் கோடை கழிந்து முதன்முதலாக மேசைவிரிப்புகள் வந்தன. முப்பத்தாறு. எல்லாம் ஒரே அளவு, ஒரே இலைக்கோலம். அழுத்தி போடுவதற்காக டெனீஸ் செவ்வாய்க்கிழமையே பெட்டியை நம் வீட்டில் இறக்கிவிட்டுப் போனா. நீ வேலைக்குப் போயிருந்தாய். மேலே ஒரு கடதாசி கிடந்தது. எழுத்தும், பக்கத்தில் சின்னச் சின்னப் படங்களும். அடுத்த முறை தைக்கப்போகிற கோலங்களாக்கும் என்று நினைத்து, மடித்து, வியாழக்கிழமை நாம் கொண்டுபோகிற பைக்குள் வைத்தேன்.

தையல்காரன் துணியைக் கையில் எடுத்தால் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்புவான். முன்பக்கத்தை யாரும் வடிவாகத் தைக்கலாம். பின்பக்கம் சுத்தமாக இருந்தால்தான் அவன் வேலைக்காரன். ஊரில் தையல் கடையில் என்னை அடித்துப் பழக்கியது அப்படி. திருப்பினால், ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் தேவையில்லாத தையல். ஒன்றில் மீன்முள் மாதிரி, ஒன்றில் ஏணி மாதிரி, ஒன்றில் வெறும் முடிச்சுக் குவியல். முடிப்புத் தையல் போடத் தெரியாத புதுப் பிள்ளைகள் என்று இரக்கப்பட்டேன். தையல் பிரிக்கிற பிளேட்டை எடுத்துக்கொண்டு இருந்தேன். இரண்டு நாள். முப்பத்தாறையும் பிரித்தேன். தண்ணீர் தெளித்து அழுத்தி போட, ஊசி போன தடமே தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் நான் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்ததாக நீ பிறகு சொன்னாய்.

வியாழக்கிழமை சொலாஞ் கோட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தாள். விடியக்காலை அழைப்பு வந்திருந்தது. இவ்ரோஸுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையை ஆயுதக்காரர்கள் மறித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பிறகு இவ்ரோஸின் உயிர் போய்விட்டது. நீ எழும்பிச் சொலாஞ்சைப் பிடித்தாய். அவள் உன்னை விலக்கிவிட்டுப் பெட்டிக்குப் போனாள்.

"இதுக்குள்ள அவள் இருக்கிறாள்" என்றாள். "தைச்சவையின்ர பேர் வேணும் எண்டு டெனீஸ்தானே கேட்டவ. எழுதத் தெரியாததுகள் ஆளுக்கொரு அடையாளம் தைச்சிருக்குதுகள். இவ்ரோஸின்ரது சீப்பு. தலை பின்னிவிடுறவளெல்லே."

முதல் துணியின் மூலையைத் திருப்பினாள். வெறுமை. அடுத்ததைத் திருப்பினாள். ஐந்தாவது ஆறாவதில் அவளுடைய கை வேகமாகிவிட்டது. "எங்க? எங்க போச்சுது?"

"மேலே ஒரு கடதாசி இருந்ததே. எல்லாம் விளக்கமா எழுதியிருந்ததே" என்றா டெனீஸ்.

நீ என்னைப் பார்த்தாய். என் கையில் அழுத்தி இருந்தது. என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும், அதையும் நீதான் வாசித்தாய். போய்ப் பைக்குள் இருந்து கடதாசியை எடுத்தாய். உதடு அசைய வாசித்தாய். வாசித்து முடித்ததை நான் பார்த்தேன்.

"நான்தான் பிரிச்சனான்" என்றாய்.

"இதை வாசிச்சனியோ?"

"ஓம்."

"வாசிச்சிட்டும் பிரிச்சனியோ?"

"ஓம்" என்றாய், யோகம். எழுத்துத் தெரியாதவன் செய்தால் அதற்கு ஒரு காரணமாவது இருக்கும். வாசிக்கத் தெரிந்தவள் செய்தால் என்ன இருக்கிறது? என் பிழையை நீ எடுத்ததுமே அது இரட்டிப்பாகிவிட்டது. சொலாஞ் துணியைக் கீழே போட்டாள். அதற்குப் பிறகு உன்னோடு அவள் கதைக்கவில்லை.

திரும்பி வரும்போது மெட்ரோவில் கேட்டேன். "ஏன் புள்ள அப்பிடிச் சொன்ன?"

"உங்களுக்கு இந்த வியாழக்கிழமைய விட்டா வேற என்ன கிடக்கு? எனக்கு வேலை கிடக்கு, கோயில் கிடக்கு. எழுத்துத் தெரியாதது வெளிய வந்தா நீங்க அந்தப் பக்கம் திரும்பிப் போக மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?"

இரண்டு நிறுத்தம் கழித்து நீ கேட்டாய். "அந்தச் சீப்பு எதில இருந்தது? ஞாபகம் இருக்கா?"

"இல்லை" என்றேன்.

இதைத்தான் நீ அறியாமல் போனாய். அந்தச் சீப்பு எனக்கு வடிவாக ஞாபகம் இருந்தது. மண்ணிற நூல், மெழுகு பூசி இழுத்த நூல், பிரிக்கும்போது மற்றவை மாதிரி இலேசில் வரவில்லை. ஐந்து பல்லு. அந்த விரிப்பின் கரைத்தையல் முழுவதும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இடதுகைக்காரி, நல்ல கை என்று எனக்குள் மெச்சியிருந்தேன். முப்பத்தாறில் இடதுகைத் தையல் அது ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எடுத்துக் கொடுத்திருப்பேன்.

ஏன் இல்லை என்றேன்? ஓம் என்றால் நீ அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கித் திரும்பி ஓடுவாய். எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்பார்கள், தையல் சாய்வைப் பார்த்து ஆளைச் சொல்லுகிறவன் அந்த மேசையில் நான் ஒருத்தன்தான், பிடிபட்டுவிடுவேன். இதெல்லாம் பிறகு யோசித்துச் சொல்லுகிற நியாயம். அந்த நேரம் பயந்தவன் வாயில் வந்தது இல்லை என்ற சொல். ஒருக்கால் சொன்னதை அடுத்த நாள் மாற்ற இன்னும் பயம்.

மார்கழியில் சந்தைக் கடை போட்டோம். நீ வரவில்லை. நான் அந்த விரிப்பை அடியில் வைத்தேன். மேலே வந்தால் திரும்ப அடியில் வைத்தேன். டெனீஸ் கண்டுவிட்டா. "என்ன முசியே சாமி, இதை ஒளிச்சு ஒளிச்சு வைக்கிறீர்? உமக்கு வேணுமெண்டா எடுமன்" என்று சிரித்துக்கொண்டு கேட்டா. அப்போதும் வாய் திறந்திருக்கலாம். வேணும் என்று ஒரு சொல். வீட்டுக்குக் கொண்டுவந்து உன் கையில் தந்திருக்கலாம். "இல்லை" என்றேன். டெனீஸ் அதை எடுத்து மேலே விரித்தா. அம்மாவின் மேசைக்கு என்று சொல்லி ஒரு பெண் வாங்கினாள். நானேதான் மடித்துக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். அவள் படியேறிக் கோயில் பக்கம், அதாவது அந்தப் பெரிய சேர்ச் பக்கம், போனதுவரை பார்த்துக்கொண்டு நின்றேன். சொலாஞ் எனக்குப் பக்கத்தில் நின்று கையை ஊதிச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல், கண் மூடும்வரை, நீ அந்த வியாழக்கிழமை அறையின் படி இறங்கவில்லை. என்னை மட்டும் ஒழுங்காக அனுப்பினாய். சட்டை அழுத்தி போட்டு, தொப்பியை எடுத்துத் தந்து. பஸ் நிறுத்தத்தில் சொலாஞ் உன்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்புவாள் என்று மாலதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை.

கடைசிக் கிழமைகளில் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலோரம் இருந்து கேட்டேன். "சொலாஞ்சிட்ட உண்மையைச் சொல்லட்டோ?" நீ கண்ணைத் திறக்காமல் சொன்னாய்: "என்னத்துக்கு? இப்ப சொன்னா ரெண்டு பேரையும் வெறுப்பாள். ஒருத்தியோட நிக்கட்டும்." சீப்பின் கதையையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். தாதி வந்துவிட்டாள். தாதி போன பிறகும் நேரம் இருந்தது.

உன்னை எரித்த அன்று சொலாஞ் வந்தாள். கடைசி வரிசையில் கோட்டோடு நின்றாள். முகம் பார்க்க எல்லாரும் வரிசையில் போக, அவள் வெளியே போய்விட்டாள்.

போன இலையுதிர் காலத்தில் டெனீஸும் போய்விட்டா. தூக்கத்திலேயாம். அதற்குப் பிறகு அந்த மேசையில் நானும் சொலாஞ்சும்தான். பெட்டிகள் குறைவு. ஹெயிட்டிப் பெண்கள் ஆயுதக்காரர்களுக்குப் பயந்து, இருந்த பட்டினத்தை விட்டு மலைப்பக்கம் ஓடிப்போய், அங்கே ஒரு பள்ளிக்கூடத்து மூலையில் இருந்து தைக்கிறார்கள். மெசின் ஒன்றைத் தலையில் சுமந்து கொண்டுபோனார்களாம். நான் திருத்திய மெசினா என்று கேட்டேன். சொலாஞ்சுக்குத் தெரியவில்லை.

ஒரு மாதத்துக்கு முன் ஒரு பெட்டி வந்தது. மேலே கடதாசி. டெனீஸ் இருந்தால் அவதான் வாசிப்பா. சொலாஞ் அதை என்னிடம் நீட்டினாள். "வாசியுங்கோ முசியே சாமி. என்ர கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன்."

என் வசனத்தை அவள் முந்திச் சொல்லிவிட்டாள். எனக்கு வேறு வசனம் இல்லை.

"எனக்கு எழுத்துத் தெரியாது" என்றேன்.

அவள் சிரித்தாள். "பகிடியை விட்டிட்டு வாசியுங்கோ."

"தெரியாது சொலாஞ். ஒருநாளும் தெரியாது."

அவள் கையில் இருந்த கடதாசி அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள், கடதாசியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். நான் சொல்லி முடிக்க முதலே அவளுக்கு விளங்கிவிட்டது. இருந்தும் எல்லாவற்றையும் சொன்னேன். கடதாசியை மடித்து வைத்தது, பிளேட், நீ சொன்ன பொய். பிறகு சீப்பையும் சொன்னேன்.

"இடதுகை" என்றாள். "ஓம். அவளுக்கு இடதுகைதான்." கடதாசியைக் கீழே வைத்துவிட்டு, "எது எண்டு அண்டைக்கே தெரியுமோ?"

"ஓம்."

"விக்கேக்கையும்?"

"ஓம்."

"நான் பக்கத்தில நிக்கேக்க."

அது கேள்வி இல்லை. கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. பெட்டியை நான் தொடவில்லை. ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். நீ சொன்னதுதான் சரி, இப்போது இரண்டு பேரையும் வெறுக்கிறாள் என்று நினைத்தேன்.

போன வியாழன் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. எனக்கு வணக்கம் சொல்லவில்லை. நீ வழக்கமாக இருக்கிற கதிரையில் இருந்துகொண்டு, கன நேரம் துணிகளை எடுத்து அடுக்கினாள். நான் அழுத்தியைச் சூடாக்கினேன்.

"உம்மில எனக்கு இன்னும் கோபம் போகேல்லை" என்றாள்.

"போகத் தேவையில்லை" என்றேன்.

"செத்துப்போனவளோட நான் இனி எப்பிடிக் கோபம் தீர்க்கிறது? பஸ்ஸுக்குள்ள எனக்கு முன்னால நிண்டவள். பாரம் தூக்கிக்கொண்டு நிண்டவள். எழும்பி இடம் குடுக்கேல்லை நான்." பிறகு கேட்டாள். "என்னைப் பற்றி ஏதும் கதைச்சவளோ?"

"ஒவ்வொரு வியாழனும்" என்றேன். "நான் சப்பாத்துக் கழட்ட முதல் கேட்பாள். சொலாஞ் சாப்பிட்டவளோ எண்டு."

அவள் மடித்த துணியையே திரும்ப மடித்தாள். நான்தான் தொடர்ந்தேன். "கடை வடை எண்டு அப்ப வியாழனில நான் கொண்டு வந்து தந்தது, அதுவும் கடையில வாங்கினதில்லை. அவள் சுட்டது."

"அது எனக்குத் தெரியும்" என்றாள். "கடைக்காரன் துணியில சுத்தித் தருவானோ?" சிரிக்கப் பார்த்தாள். அது அழுகையாகத்தான் வந்தது. மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். தொடவும் தெரியாமல் விடவும் தெரியாமல் நான் நின்றேன். நீ இருந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

எழும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் சாப்பிட்டனான் எண்டு அவளுக்குச் சொல்லும். எல்லாத்தையும் சாப்பிட்டு முடிச்சனான் எண்டு சொல்லும்."

சொல்லிவிட்டேன், யோகம். இந்தக் கடிதத்தை அதற்காகவும்தான் எழுதுவிக்கிறேன்.

அந்த விரிப்பு எந்த வீட்டு மேசையில் கிடக்கிறதோ தெரியாது. தேடிப் பிடிக்க முடியுமா என்று மாலதி கேட்கிறாள். வாங்கிய பெண்ணின் முகம் எனக்கு இப்போதும் தெரியும், ஆனால் முகத்தை வைத்து இந்த ஊரில் எங்கே போய்த் தேடுவது? சந்தைக்குப் போகிற நேரமெல்லாம் பார்க்கிறேன், அவ்வளவுதான். கண்டால் கேட்பேன். காணாமலும் போகலாம்.

உனக்கு நான் வாக்குத் தரக்கூடியது கொஞ்சம்தான். இனி யாராவது உன் பெயரைச் சொல்லி அந்தக் கதையை எடுத்தால், தட்டோடு பின்னால் நிற்க மாட்டேன். முன்னுக்குப் போய் நான்தான் என்று சொல்லுவேன். எழுத்துத் தெரியாது என்றும் சொல்லுவேன். என் காலுக்குப் படி இறங்க முடிகிற வரைக்கும் வியாழக்கிழமை போவேன். அவள் என்னோடு கதைத்தாலும் கதைக்காவிட்டாலும் போவேன். கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொல்லுவேன்.

பெட்டிக்குள் தையலாக வந்த இவ்ரோஸ் இல்லை. டெனீஸ் இல்லை. நீ இல்லை. எனக்கு டாக்டர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்லுகிறார். அந்த மேசையில் உன்னை அறிந்து, உனக்காக அழுவதற்கு, இனிமேலும் இருக்கப்போகிறவள் சொலாஞ் ஒருத்திதான்.

உன் மனுசன்,
சாமித்தம்பி